ரிமோட்டுக்குப் பிடிகொடுக்காத மெனு: ஒரு வீட்டு டிவிடியின் நிகழ்வு ஆய்வு

என் பெரியப்பாவின் அறுபதாம் கல்யாணம் 2007ஆம் ஆண்டு திருக்கடையூர் அமிர்தகடேசுவரர் கோயிலில் நடந்தது. அதைப் படம் பிடித்த உள்ளூர் ஸ்டுடியோ ஒரே ஒரு டிவிடியைக் கொடுத்திருந்தது. 1 மணி 50 நிமிடம் ஓடும் அந்த வட்டைப் பெரியப்பா பதினேழு ஆண்டுகளாகப் பழைய பிளேயரில் போட்டுப் பார்த்துவந்தார். கைபேசியில் படம் பார்க்கும் பழக்கம் அவருக்கு இல்லை. ரிமோட்டும் டிவியும்தான் அவருக்குத் தெரிந்த வழி. 2024இல் அந்த வட்டை என்னிடம் கொடுத்தபோது அவர் சொன்ன குறை ஒன்றுதான்: "தாலி கட்டுற இடத்துக்குப் போகலாம்னு ரெண்டு தடவை கீழ அமுக்குனா, திரும்ப மேல வந்து நின்னுக்குது தம்பி. நான் அமுக்குறது தப்பா?"

அவர் அமுக்கியது தப்பில்லை. அந்த மெனுவில் உண்மையாகவே பிழை இருந்தது. அதைத் திருத்தப் போன இடத்தில் வேறு மூன்று தேவைகளும் சேர்ந்துகொண்டன. மெனுவில் இருந்த சொற்கள் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. பெரியம்மாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. மூன்றாவது பொத்தான் மாங்கல்ய தாரணத்துக்குப் பதிலாகக் கலசாபிஷேகத்துக்கே கொண்டுபோய் விட்டது. 2017இல் எழுபது வயதுக்காக நடந்த பீமரத சாந்தியின் 22 நிமிடப் பதிவையும் அதே வட்டில் சேர்த்துத் தரும்படி வீட்டில் கேட்டார்கள்.

புதிதாக ஒரு மெனுவைச் செய்துவிடுவது எளிது. டிவிடிஸ்டைலர் போன்ற இலவச மென்பொருளில் ஓர் அழகான பின்னணியைப் போட்டு அரைமணி நேரத்தில் முடித்துவிடலாம். இந்த வட்டில் அப்படிச் செய்யக் கூடாது என்று முடிவெடுத்ததற்குக் காரணம், மெனுவின் பின்னணியில் ஓடிய 28 விநாடிக் காட்சி. நாதஸ்வரமும் தவிலும் ஒலிக்க, மணவறைக்கு அருகில் நாற்காலியில் அமர்ந்திருக்கும் எங்கள் அப்பாயி (அப்பாவின் அம்மா) கையை உயர்த்தி அட்சதை தூவுகிறார். அந்தக் காட்சி முழுப் படத்தில் எங்கும் இல்லை. தொகுத்தவர் மெனுவுக்கென்றே அதை எடுத்து வைத்திருக்கிறார். அப்பாயி 2010இல் காலமானார். மூல நாடாக்கள் ஸ்டுடியோவில் எப்போதோ அழிக்கப்பட்டுவிட்டன. ஆகவே, அந்த மெனுதான் அவருடைய கடைசி அசையும் உருவம். அதைக் களைந்துவிட்டு அழகான வேறொன்றை வைப்பதை நான் பழுதுபார்த்தல் என்று ஏற்கவில்லை.

வட்டை வாசித்தல்

முதல் வேலை, வட்டில் உள்ளதை ஒரு பைட் கூடத் தவறாமல் கணினிக்குக் கொண்டுவருவது. டிவிடியை உள்வட்டத்திலிருந்து வெளிப்பக்கமாக லேசர் வாசிக்கும். ஐ.எஃப்.ஓ. என்னும் தகவல் கோப்புகளும் மெனுவின் படக் கோப்பும் உள்வட்டத்துக்கு அருகிலும், அவற்றுக்குப் பிறகு முழுப் படமும் எழுதப்பட்டிருக்கும். இந்த வட்டை இறுக்கமான உறையின் நடுப்பற்களிலிருந்து பலமுறை பிடுங்கி எடுத்ததில், துளையை ஒட்டி ஒரு கீறல் விழுந்திருந்தது. வேறெங்கும் கீறல் இல்லை. அப்பாயி இருக்கும் இடத்துக்கு மிக அருகில்தான் ஆபத்து இருந்தது.

சாதாரணமாகக் கோப்புகளை இழுத்துப் போட்டு நகலெடுத்தால் முதல் வாசிப்புப் பிழையிலேயே நின்றுவிடும். ஆதலால் டிடிரெஸ்க்யூ என்னும் கருவியைக் கொண்டு, டிவிடியின் துண்டளவான 2,048 பைட் கணக்கில், வட்டின் முழுப் படிமத்தையும் எடுத்தேன். அது வாசிக்க முடிந்ததை முதலில் எடுத்துவிட்டு, முடியாத இடங்களை ஒரு வரைபடக் கோப்பில் குறித்துவைக்கும். பிறகு அந்த இடங்களுக்கு மட்டும் மீண்டும் முயலும். முதல் சுற்றில் 48 துண்டுகள் வரவில்லை. டிவிடியில் பிழைதிருத்தம் 16 துண்டுகள் கொண்ட தொகுதிகளாக நடக்கும் என்பதால், இது மூன்று தொகுதிகள் போனதாகப் பொருள். அதே வரைபடக் கோப்பை வைத்துக்கொண்டு வேறொரு கணினியின் டிரைவில் வட்டைப் போட்டபோது இரண்டு தொகுதிகள் கிடைத்தன. ஒரு டிரைவின் லேசருக்குப் பிடிபடாதது இன்னொன்றுக்குப் பிடிபடுவது வழக்கம்தான்; கீறிய வட்டுக்கு இரண்டு டிரைவுகளாவது வேண்டும் என்று நான் எல்லோருக்கும் சொல்லுவேன்.

கடைசிவரை வராத ஒரு தொகுதி, அதாவது 32,768 பைட், முதல் தலைப்புத் தொகுதியின் (ஒரு படமும் அதன் மெனுவும் சேர்ந்த கோப்புக் கூட்டம்) ஐ.எஃப்.ஓ. கோப்புக்குள் விழுந்திருந்தது. டிவிடியின் கோப்பு அமைப்பை வகுத்தவர்கள் இதை எதிர்பார்த்தே ஒவ்வொரு ஐ.எஃப்.ஓ.வுக்கும் பி.யு.பி. என்ற பெயரில் அச்சுஅசலான நகல் ஒன்றை வைத்திருக்கிறார்கள். அந்த நகல் முழுப் படத்துக்கும் பின்னால், வெளிப்பக்கத்தில் எழுதப்படுகிறது. அங்கே கீறல் இல்லாததால் நகலை எடுத்துப் பெயர் மாற்றி வைத்ததும் கோப்புறை முழுமை பெற்றது. மெனுவின் படக் கோப்பில் ஒரு சட்டம் (ஃபிரேம்) கூடக் குறையவில்லை.

இது வீட்டு வட்டு; பூட்டு எதுவும் இல்லை. கடையில் விற்கும் படங்களின் டிவிடிகளில் உள்ள பூட்டை உடைப்பது வேறு விஷயம். இந்தியாவில் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் பதிப்புரிமைச் சட்டத்தில் 65ஏ பிரிவைச் சேர்த்ததிலிருந்து அதற்குத் தனிச் சட்டக் கேள்விகள் உண்டு.

மெனு எதனால் ஆனது

டிவிடி மெனு ஒரே படம்போலத் தெரிந்தாலும், ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று அடுக்குகள் அதில் இருக்கின்றன. அடியில் இருப்பது வழக்கமான எம்பெக்-2 காட்சி. இந்த வட்டில் அது 720×576 அளவில், விநாடிக்கு 25 சட்டம் என்ற பால் (PAL) தொலைக்காட்சி முறையில் இருந்தது. அதன்மேல் துணைப்படம் என்னும் மெல்லிய அடுக்கு. ரிமோட்டை அழுத்தும்போது ஒளிரும் பட்டையோ கோடோ இதில்தான் வரையப்படுகிறது. ஒரு நேரத்தில் நான்கு வண்ணங்களுக்கு மேல், ஒளி ஊடுருவும் வெற்றிடம் உட்பட, இதில் வைக்க முடியாது. மூன்றாவது அடுக்கு கண்ணுக்குத் தெரியாதது: எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது, மேலே கீழே அழுத்தினால் எதற்குப் போகவேண்டும், 'ஓகே' அழுத்தினால் என்ன செய்யவேண்டும் என்ற கட்டளைகள். பொத்தான்களின் இடமும் கட்டளையும் படக் கோப்புக்குள்ளேயே, ஏறக்குறைய அரை விநாடிக்கு ஒருமுறை வரும் வழிகாட்டிப் பொதிகளில் இருக்கின்றன. மெனு தொடங்குமுன்னும் முடிந்தபின்னும் இயங்கவேண்டிய கட்டளைகள் ஐ.எஃப்.ஓ. கோப்பில் இருக்கின்றன.

எந்த அடுக்கில் பழுது என்று தெரியாமல் மெனுவில் கை வைக்கக் கூடாது. மூன்று குறைகளையும் அடுக்குவாரியாகப் பிரித்துப் பார்த்தேன். ஆங்கிலச் சொற்கள் காட்சியிலேயே எரித்துப் பதிக்கப்பட்டிருந்தன. திரையின் இடப்புறம் 300 புள்ளி (பிக்சல்) அகலத்தில் ஒரு மெரூன் பட்டை, அதன்மேல் வெள்ளை எழுத்து. அப்பாயி வலப்புறம் இருந்தார், பட்டை அவர்மேல் படவில்லை. மூன்றாவது பொத்தானின் தவறு வழிகாட்டிப் பொதியில்: ஐந்தாம் அத்தியாயத்துக்குப் போகவேண்டியது நான்காம் அத்தியாயத்துக்குப் போகச் சொல்லப்பட்டிருந்தது. பெரியப்பாவை அலைக்கழித்த பிழை ஐ.எஃப்.ஓ.வில்.

எட்டு பைட் பிழை

பிஜிசிஎடிட் என்னும் மென்பொருளில் அந்த ஐ.எஃப்.ஓ.வைத் திறந்து மெனுவின் கட்டளைகளைப் படித்தபோது காரணம் தெளிவாகத் தெரிந்தது. மெனு தொடங்குமுன் இயங்கும் முன்கட்டளை, 'முதல் பொத்தானை ஒளிரச் செய்' என்றது. 28 விநாடி முடிந்தபின் இயங்கும் பின்கட்டளை, 'இந்த மெனுவை மேலிருந்து தொடங்கு' என்றது. மேலிருந்து தொடங்கினால் முன்கட்டளையும் மறுபடி இயங்கும். ஆகவே ஒவ்வொரு 28 விநாடிக்கும் ஒளிரும் கோடு முதல் பொத்தானுக்குத் தாவிவிடும். விரைவாக அழுத்துபவருக்கு இது தெரியவே தெரியாது. கண்ணாடியை எடுத்துப் போட்டு, ரிமோட்டில் கீழ் அம்புக்குறியைத் தேடி, ஒவ்வொரு அழுத்தத்துக்கும் திரையைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளும் 77 வயதுக்காரருக்கு 28 விநாடி போதாது. அவர் மூன்றாவதில் நின்று 'ஓகே' அழுத்தும் நொடிக்குள் கோடு மேலே போயிருக்கும், படம் ஆரம்பத்திலிருந்து ஓடத் தொடங்கும். இத்தனை ஆண்டுகளாக அவர் தன் கையைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தார் என்பதை நினைத்தபோது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

டிவிடியில் ஒரு கட்டளையின் நீளம் எட்டு பைட். பின்கட்டளையை மட்டும் 'முதல் செல்லுக்குப் போ', அதாவது காட்சியின் முதல் துண்டுக்குப் போ, என்று மாற்றினால், காட்சி திரும்பவும் முதலிலிருந்து ஓடும், முன்கட்டளை இயங்காது, கோடு நின்ற இடத்திலேயே நிற்கும். வேறு எதையும் தொடுமுன், படிமத்தின் ஒரு நகலில் இந்த எட்டு பைட்டை மட்டும் மாற்றி, பிஜிசிஎடிட் ஐ.எஃப்.ஓ.விலும் பி.யு.பி.யிலும் ஒருசேர எழுதியதைச் சரிபார்த்து, அழித்தெழுதும் டிவிடியில் பதிந்து பெரியப்பா வீட்டுப் பிளேயரிலேயே சோதித்தேன். கோடு நகரவில்லை. நான்கு மாற்றங்களையும் ஒன்றாகச் செய்திருந்தால், எது எதைத் தீர்த்தது என்று பின்னால் சொல்ல முடியாமல் போயிருக்கும்.

காட்சியைப் பிரித்தெடுத்துத் தமிழ் எழுதுதல்

பிஜிசிடெமக்ஸ் கருவியில் மெனுப் பகுதியைத் தேர்ந்தெடுத்து, காட்சி, ஒலி, துணைப்படம் ஆகிய மூன்றையும் தனித்தனிக் கோப்புகளாகப் பிரித்தேன். ஒலியை நான் திறக்கவே இல்லை; நாதஸ்வரம் இருந்த ஏசி-3 கோப்பை அப்படியே கடைசியில் சேர்த்தேன். காட்சியை மட்டும் மறுகுறியாக்கம் செய்தாக வேண்டும், ஏனெனில் பதிந்துபோன ஆங்கிலத்தை மறைக்க அதன்மேல் புதிய பட்டை வேண்டும். அப்பாயியின் முகம் தேயாமலிருக்க விநாடிக்கு 8 மெகாபிட் கொடுத்தேன். டிவிடியில் காட்சிக்கு உச்சவரம்பு 9.8 மெகாபிட், 28 விநாடிக்கு 8 மெகாபிட் கொடுத்தாலும் 28 எம்பி தான் ஆகிறது என்பதால் இதில் கஞ்சத்தனம் காட்டத் தேவையில்லை.

முதல் முயற்சி தவறிப்போனது. கணினித் திரையில் எல்லாம் நன்றாக இருந்தது. டிவியில் போட்டபோது அப்பாயியின் கை அட்சதையைத் தூவும் இடத்தில் முன்னும் பின்னுமாக உதறியது. மூலக் காட்சி ஒன்றுவிட்ட வரிகளால் ஆனது: ஒரு சட்டத்தில் இரண்டு வெவ்வேறு நொடித்துளிகளின் பாதிப் படங்கள் பின்னப்பட்டிருக்கும். எது முதலில் என்ற வரிசையை நான் மாற்றி எழுதிவிட்டேன். எஃப்எஃப்எம்பெக் என்னும் குறியாக்கக் கருவியில் ஒன்றுவிட்ட வரி முறையையும் மேல்வரி முதலில் என்ற வரிசையையும் குறிப்பிட்டு மறுபடி செய்தபின் கை இயல்பாக அசைந்தது. அசையாத மெனுக்களில் இந்தத் தவறு வெளியே தெரியாது. அசையும் மெனுவைத் தொடுபவர்கள் டிவியில் பார்க்காமல் முடிவுசெய்யக் கூடாது.

தமிழ் எழுத்துகளுக்குத் தனியாக நேரம் செலவிட வேண்டியிருந்தது, அதற்குக் காரணம் நம் எழுத்தின் உருவமே. பால் 4:3 காட்சியில் புள்ளிகள் சதுரமாக இல்லை, சற்றே அகலமானவை. 720 அளவிலேயே எழுதினால் டிவியில் எழுத்துகள் பருத்துத் தெரியும். ஆகவே இங்க்ஸ்கேப் என்னும் வரைமென்பொருளில் 768×576 அளவில் எழுதி, பிறகு 720க்குச் சுருக்கினேன். ஒன்றுவிட்ட வரித் திரையில் ஒரு வரிப் பருமனுள்ள கிடைக்கோடு நடுங்கும், அதே அளவுப் புள்ளி மின்னி மறையும். ஆங்கில எழுத்தில் இதனால் பெரிய நட்டமில்லை. தமிழில் மெய்யெழுத்தின் புள்ளி போனால் சொல்லே மாறிவிடும். 'தாரணம்' என்பது பழைய டிவியில் 'தாரணம' என்றுதான் முதலில் தெரிந்தது. தடித்த எழுத்துருவுக்கு மாறி, புள்ளி நான்கு வரிகளுக்குக் குறையாதபடி அளவைக் கூட்டினேன். நம் சொற்களின் நீளமும் சேர்ந்துகொண்டது: பழைய குழாய் டிவிகள் ஓரங்களை விழுங்கும் என்பதால் இடப்பக்கம் 60 புள்ளிகள் விட்டபிறகு, எழுத்துக்கு 240 புள்ளிகள்தான் மிஞ்சின. 'மாங்கல்ய தாரணம்' இரண்டு வரியாயிற்று. ஸ்டுடியோக்காரர் 2007இல் ஆங்கிலத்தை நாடியதில் வியப்பில்லை. யூனிகோடுத் தமிழை ஒழுங்காகக் கோக்கத் தெரியாத தலைப்பிடும் மென்பொருள்கள் அன்று நிறைய இருந்தன, கொம்பு ஓரிடத்திலும் எழுத்து வேறிடத்திலுமாக நிற்கும்.

ஒளிரும் அடுக்குக்கு எழுத்துகளையே பயன்படுத்தலாமா என்று முதலில் யோசித்தேன். நான்கே வண்ணங்களில் எழுத்தின் ஓரங்களை மழுங்கச் செய்ய முடியாது; நம் எழுத்தின் வளைவுகள் படிக்கட்டுகளாகத் தெரிந்தன. எனவே எழுத்துகளைக் காட்சியிலேயே விட்டுவிட்டு, துணைப்படத்தில் அடிக்கோடும் குங்குமப் பொட்டுப்போல ஒரு சிவப்புச் சதுரமும் மட்டும் வைத்தேன். அவற்றின் மேல் கீழ் எல்லைகளை இரட்டைப்படை வரிகளில் வைக்கவேண்டும், இல்லையென்றால் அவையும் நடுங்கும். இந்த அடுக்கை ஸ்பியூமக்ஸ் கருவியால் காட்சியுடன் பிணைத்தபோது, 'கட்டாயம் காட்டு' என்ற குறிப்பை விட்டுவிட்டேன். கணினியில் விஎல்சி கோட்டைக் காட்டியது, வீட்டுப் பிளேயர் காட்டவில்லை. குறிப்பைச் சேர்த்ததும் அதுவும் காட்டியது.

ஐந்தாவது பொத்தான்

பீமரத சாந்திப் பதிவைச் சேர்ப்பதில்தான் டிவிடியின் சட்டதிட்டங்கள் குறுக்கே வந்தன. அது 16:9 அளவில் எடுக்கப்பட்டது. ஒரு தலைப்புத் தொகுதிக்குள் எல்லாப் படங்களும் ஒரே அளவு விகிதத்தில் இருக்கவேண்டும் என்பதால், அதற்கு இரண்டாவது தொகுதி தேவைப்பட்டது. முதல் தொகுதியின் மெனுவிலிருந்து இரண்டாம் தொகுதியின் படத்துக்கு நேரே தாவ முடியாது. வட்டு முழுவதற்கும் பொதுவான மேலாண்மைப் பகுதிக்குப் போய், அங்கிருந்துதான் போகமுடியும். எங்கே போகவேண்டும் என்ற செய்தியை எடுத்துச் செல்ல, பிளேயரில் எண்களை நினைவில் வைக்கும் 16 பொதுப் பதிவகங்கள் உண்டு. அவற்றில் ஒன்றில் ஓர் எண்ணை வைத்து அனுப்பவேண்டும். ஆனால் ஒரு பொத்தானுக்கு ஒரே ஒரு கட்டளைதான் இடம். எண்ணையும் வைத்து, தாவவும் செய்ய அதற்குள் இடமில்லை.

அதனால் முதல் தொகுதியில் படமே இல்லாத ஒரு வெற்று மெனுவை வைத்தேன். பொத்தான் அங்கே போகும். அங்கே பதிவகத்தில் 2 எழுதப்பட்டு, மேலாண்மைப் பகுதிக்குத் தாவும். அங்கே இருக்கும் கட்டளை 2ஐக் கண்டால் அதை அழித்துவிட்டு இரண்டாம் படத்தைத் தொடங்கும், வேறெது இருந்தாலும் முதல் தொகுதியின் மெனுவுக்கு வரும். படம் முடிந்ததும் அதே வழியில் திரும்பும். ரிமோட்டின் 'மெனு' விசை, ஓடும் படத்தின் சொந்தத் தொகுதி மெனுவைத்தான் அழைக்கும் என்பது கடைசி நேரத்தில் நினைவுக்கு வந்தது. இரண்டாம் தொகுதியில் மெனு இல்லாததால் அந்த விசை செத்துக்கிடந்தது. அங்கேயும் ஒரு வெற்று மெனுவை வைத்து மேலாண்மைப் பகுதிக்குத் திருப்பிவிட்டேன்.

இடக் கணக்கு சுலபமாக முடிந்தது. பழைய வட்டில் 4.02 ஜிபி இருந்தது, டிவிடி-ஆர் கொள்ளுவது 4.7 ஜிபி. புதிய 22 நிமிடத்தை ஒலியோடு சேர்த்து விநாடிக்கு 3.5 மெகாபிட்டில் குறியாக்கினால் 0.58 ஜிபி வரும். பழைய படத்தைச் சுருக்கவே கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன்.

முழுவதையும் டிவிடிஆதர் என்னும் டிவிடி கோக்கும் கருவியில் கோத்தேன். பழைய படத்தின் வி.ஓ.பி. என்னும் படக் கோப்புகளை வரிசையாக அப்படியே கொடுத்து, அத்தியாய நேரங்களை மூல ஐ.எஃப்.ஓ.விலிருந்து எழுதிக்கொடுத்தேன், வழிகாட்டிப் பொதிகளை மட்டும் அது புதிதாக எழுதிக்கொள்ளும், படத்தைத் தொடாது. உண்மையிலேயே தொடவில்லையா என்று அறிய, பழைய படத்தின் 1,65,000 சட்டங்களுக்கும் எஃப்எஃப்எம்பெக்கில் சரிபார்ப்பு எண்களை எடுத்து, புதிய வட்டின் எண்களோடு ஒப்பிட்டேன். எல்லாம் பொருந்தின.

பதிந்த பிறகு

இரண்டு டிவிடி-ஆர் வட்டுகளில் குறைந்த வேகத்தில் பதிந்து, ஒன்றைப் பெரியப்பா வீட்டிலும் மற்றொன்றை எங்கள் வீட்டிலும் வைத்திருக்கிறோம். கீறிய மூல வட்டின் படிமமும், வரைபடக் கோப்பும், டிவிடிஆதருக்கு எழுதிய நிரல்வரிகளும், 768 அளவில் வரைந்த தமிழ்ப் பட்டையும் தனி வன்தட்டில் இருக்கின்றன. பெரியம்மா 'மாங்கல்ய தாரணம்' என்று வாய்விட்டுப் படித்து, தானே ரிமோட்டை அழுத்தினார். ஐந்தாம் அத்தியாயம் ஓடியது.

ஒரு குறை மிச்சமிருக்கிறது. பழைய மெரூன் பட்டையின் வலது ஓரத்தில் ஸ்டுடியோ ஒரு மெல்லிய நிழல் போட்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. என் பட்டை 300 புள்ளியோடு நின்றுவிட்டதால், அந்த நிழலின் நான்கைந்து புள்ளிகள் புதிய டிவியில் கருங்கோடாகத் தெரிகின்றன. பட்டையை 306க்கு அகலமாக்கினால் மறைந்துவிடும். 28 விநாடிச் சுற்றில் அப்பாயியின் கைவிரல்கள் ஒருமுறை அந்த ஓரம்வரை நீளுகின்றன. ஆறு புள்ளி அதிகமாகப் போனால் விரல்நுனி பட்டைக்குள் போய்விடும். கோடு இருக்கட்டும் என்று விட்டிருக்கிறேன்.